சிறு கல்லூரியும் பெரும் பல்கலைக் கழகமும்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் என்னைக் காண வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வினாவைக் கேட்கின்றனர். "ஐயா, பல்லாயிரம் பேர் பயிலும் அரசினர் கல்லூரியில் சேரலாமா? சில நூறு பேரே பயிலும் தனியார் கல்லூரியில் சேரலாமா? எது நல்லது?" என்பதே அவ்வினா. ஒரு சொல்லில் விடை கூறிவிட எனக்கு ஒருபோதும் இயன்றதில்லை. இவ்விருவகைக் கல்வி நிலையங்களையும் அருகருகே வளர்த்து, இரண்டின் நன்மை தீமைகளையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வரும் நாடு ஒன்று உண்டு. அஃது அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டின் வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உங்களுக்குரிய கல்லூரி எதுவென்று வரலாறு கூறாது. எவற்றை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை அது கூறும்.

அமெரிக்காவின் வடகிழக்கே நியூ ஹாம்ப்ஷயர் என்னும் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே டார்ட்மத் கல்லூரி என்றொரு தனியார் கல்லூரி 1769-ஆம் ஆண்டு, ஆங்கில மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் வழங்கப்பட்ட சாசனத்தைக் கொண்டு நிறுவப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் கல்லூரி பழைய சாசனப்படியே நடந்து வந்தது. 1815-இல் அதன் தலைவருக்கும் அறங்காவலர்களுக்கும் பூசல் மூண்டது. அறங்காவலர்கள் தலைவரை நீக்கினர். பூசல் கட்சி அரசியலாகப் பரவியது. மறு ஆண்டு மாநிலச் சட்டசபை தலையிட்டு, கல்லூரியின் பெயரை டார்ட்மத் பல்கலைக் கழகம் என மாற்றியது. 12 ஆக இருந்த அறங்காவலர் தொகையை 21 ஆக உயர்த்திப் புதியவர்களை அமர்த்த வழி செய்தது. கல்வி மக்களுக்கு உரியது. மக்களின் பேராளர்கள் அதனைச் சீர்திருத்தலாம். மன்னர் தந்த பழஞ்சாசனம் குடியரசைக் கட்டுப்படுத்தாது. இஃது அரசினர் தரப்பு வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

பழைய அறங்காவலர்கள் பணிந்தாரல்லர். ஆதலின் 1817-இல் அச்சிற்றூரில் ஒரு விந்தையைக் கண்டனர் மக்கள். ஒரு தெருவில் கல்லூரிக் கட்டடங்களைக் கைப்பற்றிய அரசினர் பல்கலைக் கழகம். அதன் அருகிலேயே வாடகை அறைகளில் வகுப்பு நடத்திய பழைய கல்லூரி. கட்டடமும் நூலகமும் அரசின் ஆணையும் ஒரு பக்கம். பழகிய ஆசிரியர்கள் மறுபக்கம். மாணவருள் பெரும்பாலோர் வாடகை அறைகளுக்கே சென்றனர். இன்று நீங்கள் கேட்கும் வினாவுக்கு அம்மாணவர்கள் தம் கால்களாலேயே விடை கூறிவிட்டனர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கல்லூரிக்காக வாதாடியவர் அதன் பழைய மாணவரான டேனியல் வெப்ஸ்டர். 1818 மார்ச்சு மாதத்தில் அவர் நெடுநேரம் சட்ட நுணுக்கங்களை விளக்கியபின், தம் கல்லூரி சிறியதே யாயினும் அதன்பால் அன்பு கொண்டவர்கள் உளர் என்று கூறுகையில் குரல் தழுதழுத்தார் எனக் கேட்டிருந்த பேராசிரியர் ஒருவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். 1819 பிப்ரவரி 2-ஆம் நாள் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். சாசனம் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை முறிக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றலாகாது என்பது அரசியலமைப்பின் கட்டளை. எனவே மாநிலச் சட்டம் செல்லாது. அன்று முதல் தனியார் கல்லூரி ஒரு வேலி, அரசினர் பல்கலைக் கழகம் ஒரு வேலி என எல்லை வகுக்கப்பட்டது. தனியார் கல்லூரியைத் தமதாக்கிக்கொள்ள இயலாத மாநிலங்கள் தமக்கெனப் புதிய பல்கலைக் கழகங்களைக் காணத் தலைப்பட்டன. தாமஸ் ஜெபர்சன் கண்ட வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்துக்கு அம்மாநிலம் அனுமதி வழங்கியதும் அதே 1819-ஆம் ஆண்டில்தான்.

சிறு கல்லூரியின் சிறப்பு யாது? வில்லியம்ஸ் கல்லூரி என்ற மற்றொரு சிறு கல்லூரியில் மார்க் ஹாப்கின்ஸ் என்பவர் 1836 முதல் 1872 வரை தலைவராக இருந்தார். அவரிடம் பயின்று 1856-இல் பட்டம் பெற்றவர், பின்னர் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஜேம்ஸ் கார்பீல்டு. வறிய குடும்பத்தில் பிறந்து உழைத்துப் படித்தவர் அவர். ஒருமுறை கல்லூரிக்குக் கட்டடங்கள் வேண்டும், கருவிகள் வேண்டும் என்று பழைய மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மரக்கட்டையின் ஒரு முனையில் ஹாப்கின்சும் மறுமுனையில் ஒரு மாணவனும் அமர்ந்தால் அதுவே தமக்குப் போதிய கல்லூரி என்று பொருள்படக் கார்பீல்டு கூறினாராம். அம்மரக்கட்டை அமெரிக்கக் கல்வியுலகில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது.

அத்தகைய சிறு கல்லூரியின் சாயல் கடல் கடந்து தமிழ் வழங்கும் நிலத்துக்கும் வந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. வெப்ஸ்டர் பயின்ற அதே டார்ட்மத் கல்லூரியில் 1811-இல் பட்டம் பெற்ற டேனியல் பூர் என்னும் பாதிரியார், அங்கே சட்டசபை தலையிட்ட அதே 1816-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரிக்கு அவரே முதல் தலைவர். அவ்விடத்தில் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. மாணவர்கள் அங்கேயே உண்டு உறங்கி ஆசிரியருடன் வாழ்ந்தனர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை அச்செமினரியில் பயின்றவர். சென்னைப் பல்கலைக் கழகம் 1857-இல் தோன்றியபோது, அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கியவரும் அவரே. சிறு கல்லூரி அவரை உருவாக்கியது. அவரது கல்வியை நாடறிய முத்திரையிட்டுத் தந்தது அரசு நிறுவிய பல்கலைக் கழகம். இரண்டும் பகைத்து நிற்க வேண்டியவை அல்ல என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆயினும் நண்பர்களே, மரக்கட்டையின் மறுமுனையில் அமர எத்தனை பேருக்கு இடமிருந்தது என்று நாம் கேட்க வேண்டும். டார்ட்மத் கல்லூரியின் தொடக்கத்திலேயே ஒரு துயரம் உண்டு. சாம்சன் ஆக்கொம் என்ற மோகிகன் பழங்குடி அறிஞர், தம் இனத்துப் பிள்ளைகளின் கல்விக்கென்று இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் ஊர் ஊராகச் சென்று பேசி, ஏறத்தாழ 12,000 பவுன் திரட்டினார். அப்பொருளை ஆதாரமாகக் கொண்டு எழுந்த கல்லூரி, குடியேறிய வெள்ளையர் மக்களுக்கே பெரிதும் பயன்பட்டது. ஆக்கொம் மனம் நொந்து விலகினார். பொதுவாகவே அக்காலச் சிறு கல்லூரிகளில் இலத்தீனும் கிரேக்கமும் கற்ற பிள்ளைகளே நுழைய முடிந்தது. உழவர் மகனுக்கும் கொல்லர் மகனுக்கும் அங்கே வேலை இல்லை.

அத்தகைய கொல்லர் மகன் ஒருவரே நிலைமையை மாற்றினார். அவர் வெர்மாண்டு மாநிலத்தைச் சேர்ந்த ஜஸ்டின் மாரில். வசதியின்மையால் இளமையிலேயே பள்ளியை விட்டுக் கடையில் வேலைக்குச் சென்ற அவர், பின்னர் நாட்டின் சட்டமன்ற உறுப்பினரானார். அவர் கொணர்ந்த முதல் மசோதாவைக் குடியரசுத் தலைவர் புக்கானன் 1859-இல் மறுத்துவிட்டார். மாரில் தளரவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஜூலை 2-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும், மத்திய சட்டமன்றத்தில் அதற்குள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் வழங்கப்படும். அந்நிலத்தின் வருவாயைக் கொண்டு உழவும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலம் நடத்த வேண்டும். இதுவே நிலக்கொடைச் சட்டம். இன்று உலகம் அறிந்த பெரிய மாநிலப் பல்கலைக் கழகங்களுள் பல இதனால் தோன்றின அல்லது வளம் பெற்றன.

அப்பல்கலைக் கழகங்களால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். விஸ்கான்சின் மாநிலத்தில் பால்பண்ணைத் தொழில் வளர்ந்து வந்த காலத்தில், பாலை அளவு பார்த்தே வாங்கினர். தண்ணீர் கலந்தவனுக்கும் கலக்காதவனுக்கும் ஒரே விலை. நல்ல பால் கொடுத்த உழவன் ஏமாந்தான். 1890-இல் அம்மாநிலப் பல்கலைக் கழகத்து வேதியியலார் ஸ்டீபன் பாப்காக் ஓர் எளிய சோதனையைக் கண்டார். பாலுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்து, கோடிட்ட கழுத்துடைய சிறு புட்டியில் இட்டுச் சுழற்றினால், கொழுப்பு மேலே பிரிந்து கழுத்தில் நிற்கும். அதன் அளவைக் கண்ணாலேயே படித்துவிடலாம். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை; எல்லோரும் பயன்படுத்துமாறு விட்டுவிட்டார். ஆராய்ச்சிச் சாலையும் நிலமும் பொதுப் பணமும் ஒருங்கே அமைந்த பெரிய நிலையத்தில் எளிதாக நிகழக்கூடிய பணி இது. மரக்கட்டையில் அமர்ந்து செய்யக்கூடியதன்று.

ஆனால் பொது என்ற பெயர் பெற்றதனால் மட்டும் ஒரு நிலையம் பொதுவாகிவிடுவதில்லை. நிலக்கொடையாக வழங்கப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம், பழங்குடி மக்களிடமிருந்து படைவலியாலும் நேர்மையற்ற உடன்படிக்கைகளாலும் பெறப்பட்டது. தென் மாநிலங்களின் பொதுப் பல்கலைக் கழகங்கள் கருப்பின மாணவர்களுக்குக் கதவடைத்தன. 1890-இல் வந்த இரண்டாம் நிலக்கொடைச் சட்டமும், அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்துவிட்டால் போதும் என இசைந்தது. 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கருப்பின இளைஞர் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக் கழகத்தில் சேர்வதற்கு மத்திய அரசின் படைகள் துணை வர வேண்டியிருந்தது.

இதற்கு மாறாக, ஒஹையோ மாநிலத்தின் ஒபர்லின் என்ற சிறு தனியார் கல்லூரி 1835-லேயே கருப்பினத்தாரைச் சேர்க்க முடிவு செய்தது. 1837-இல் பெண்களைப் பட்ட வகுப்பில் சேர்த்தது. கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரி வெள்ளையரையும் கருப்பரையும் ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பித்தது. 1892 முதல் கற்பிப்புக் கட்டணமே வாங்குவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரிக்கு உழைப்பு நல்குகின்றனர். அக்கல்லூரியின் இணைந்த கல்வியைத் தடுக்கவே 1904-இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 1819-இல் டார்ட்மத்தைக் காத்த அதே உச்ச நீதிமன்றம் 1908-இல் பெரியாவைக் கைவிட்டது. ஆகவே, தனியார் கல்லூரி என்றால் செல்வர்க்கே உரியது என்றோ, அரசினர் கல்லூரி என்றால் எளியோர்க்கு எப்போதும் நண்பன் என்றோ கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. அந்தந்த நிலையத்தின் வாயிலில் யாரை அழைக்கின்றனர், யாரைத் திருப்பி அனுப்புகின்றனர் என்று பார்த்தே அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் வாயில்கள் அகலத் திறந்தன. போர் வீரர்களுக்குக் கல்விச் செலவை அளிக்கும் சட்டம் 1944-இல் நிறைவேறியது. கல்வியின் தரம் தாழ்ந்துவிடும் என்று பெரிய கல்வியாளர் சிலரே அஞ்சினர். ஏறத்தாழ 22 இலட்சம் வீரர்கள் கல்லூரிகளில் சேர்ந்தனர். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் அவர்களே. அஞ்சியவாறு எதுவும் நிகழவில்லை. வயதும் பொறுப்பும் உடைய அவர்கள் மிக நன்றாகப் படித்தனர். அவ்வெள்ளத்தை ஏற்க மாநிலப் பல்கலைக் கழகங்கள் பெருகிப் பருத்தன.

இங்கே நான் சொல்ல வந்த கதையின் மையத்துக்கு வருகிறேன். 1932-இல் இரண்டு இளைஞர்கள் பட்டம் பெற்றனர். ஒருவர் கிளார்க் கெர். சுவார்த்மோர் என்னும் மிகச் சிறிய தனியார் கல்லூரியின் மாணவர். மற்றவர் டீன் மெக்ஹென்றி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள பெரிய மாநிலப் பல்கலைக் கழகத்தின் மாணவர். மேற்படிப்புக்காக ஸ்டான்போர்டு சென்ற இருவரும் ஒரே அறையில் தங்கினர். சிறு கல்லூரியின் நெருக்கத்தை ஒருவர் அறிவார். பெரும் பல்கலைக் கழகத்தின் விரிவை மற்றவர் அறிவார். இரண்டையும் ஒன்றாக்க முடியுமா என்ற எண்ணம் அவர்கள் நட்பில் நெடுங்காலம் உறைந்து கிடந்தது.

கெர் 1958-இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் தலைவரானார். 1960-இல் அவர் முன்னின்று வகுத்த பெருந்திட்டம், மாநிலத்துப் பள்ளி மாணவருள் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பல்கலைக் கழகத்திலும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளிலும், விரும்பிய மற்ற அனைவருக்கும் ஈராண்டு இளநிலைக் கல்லூரிகளிலும் இடம் தந்தது. இளநிலைக் கல்லூரியில் நன்கு படித்தவர் மேலே சென்று சேரவும் வழி வைத்தது. இவ்வளவு பெரிய பொதுக்கல்வித் திட்டத்தை வகுத்தவர் சிறு தனியார் கல்லூரியின் மாணவர் என்பதை மறவாதீர்கள்.

பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. 1964-இல் பெர்க்லி வளாகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட மாணவர் பயின்றனர். அவ்வாண்டு பேச்சுரிமைக்காக எழுந்த கிளர்ச்சியில் மாணவர் கூறிய குறைகளுள் ஒன்று, தம்மை மனிதராக அன்றிக் கணிப்பொறிக்குத் துளையிட்ட அட்டைகளாக நடத்துகின்றனர் என்பது. மறு ஆண்டு, பழைய அறைத் தோழர்களின் கனவு சாந்தா குரூஸ் என்னுமிடத்தில் உருப்பெற்றது. ஒரே பெரும் பல்கலைக் கழகம். அதற்குள் தனித்தனியே உண்டு உறைந்து பயிலும் பல சிறு கல்லூரிகள். மெக்ஹென்றியே அதன் முதல் தலைவர். அம்முயற்சி முழு வெற்றி பெற்றது என்று கூறமாட்டேன். 1970-களின் இறுதியில் பாடத் துறைகளின் கை ஓங்கிச் சிறு கல்லூரிகளின் கல்விப் பொறுப்புக் குறைந்தது. எனினும் பெரிய நிலையத்துக்குள் சிறிய வட்டம் வேண்டும் என்ற கருத்து அழியவில்லை.

சிறு கல்லூரிகளுக்கும் கவலை இல்லாமலில்லை. மாணவர் தொகை சிறிது குறைந்தாலும் அவை ஆட்டங் காண்கின்றன. வர்ஜீனியாவில் சுவீட் பிரையர் என்ற மகளிர் கல்லூரியை மூடப்போவதாக 2015-இல் நிர்வாகம் அறிவித்தது. பழைய மாணவியர் பொருள் திரட்டியும் வழக்காடியும் சில மாதங்களில் அதனை மீட்டனர். சிறியதை நேசிப்போர் உளர் என்ற வெப்ஸ்டரின் கருத்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மெய்யாயிற்று. ஆயினும், சேரப்போகும் கல்லூரி நம் படிப்பு முடியும் வரை நிலைத்திருக்குமா என்று விசாரிப்பதும் அறிவுடைமையே.

இனி என் சொந்த அனுபவத்தைக் கூற இசைவு தாருங்கள். நான் முதலில் பயின்றது ஒரு சிற்றூர்க் கல்லூரி. வகுப்பில் முப்பது பேர். ஒருநாள் நான் வாராவிடில் மறுநாள் ஆசிரியர் காரணம் கேட்பார். நூலகமோ இரண்டே அலமாரி. பின்னர் நகரத்துப் பெரிய கல்லூரிக்குச் சென்றேன். நூலகத்தைக் கண்டு வியந்தேன். ஆனால் முதல் ஆறு மாதங்கள் என் பெயரைக் கேட்டவர் ஒருவருமில்லை. கல்லூரியைக் குறை கூறிக்கொண்டே காலம் கழித்தேன். ஒரு மாலை தற்செயலாக ஆசிரியர் அறைப் பக்கம் சென்றபோது, பேராசிரியர் ஒருவர் நான்கு மாணவருடன் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தார். நாள்தோறும் அவ்வாறே அமர்வாராம். எங்கள் வகுப்பில் நூற்றிருபது பேர்; போனவர்கள் நால்வர். அன்று நான் ஐந்தாமவனானேன். அந்த ஆறு மாதங்களை எண்ணி இன்றும் வருந்துகிறேன். மரக்கட்டை அங்கேயும் இருந்தது. நான்தான் சென்று அமரவில்லை.

மாணவ நண்பர்களே, சிறிய கல்லூரியில் ஆசிரியரின் அண்மை தானே கிடைக்கும். அறிவின் விரிவை நாம் தேடிக்கொள்ள வேண்டும். பெரிய கல்லூரியில் விரிவு தானே கிடைக்கும். அண்மையை நாம் தேடிக்கொள்ள வேண்டும். எதைத் தேடிக்கொள்ளும் ஆற்றல் உங்களிடம் உள்ளது என்று முதலில் உங்களையே கேளுங்கள். பின்னர்க் கல்லூரியைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் குடும்பம் கடன்படாமல் செலுத்தக்கூடிய கட்டணமா? நீங்கள் விரும்பும் பாடத்துக்கு ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உண்டா? வகுப்புக்கு வெளியே ஆசிரியரைக் காண வழி உண்டா? உங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தலைநிமிர்ந்து நடக்கின்றனரா? கட்டடத்தின் உயரத்தையும் பெயரின் பழமையையும் இவற்றுக்குப் பின்னர் எண்ணினால் போதும்.

ஹானோவர் மாணவர்கள் கட்டடத்தை விட்டு ஆசிரியரைத் தொடர்ந்து சென்றனர். கொல்லர் மகனான மாரில், தமக்குக் கிட்டாத கல்வி மற்றவர்க்குக் கிட்டுமாறு வாயிலை அகலப்படுத்தினார். இவ்விரண்டு செயல்களையும் நினைவிற் கொண்டு உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். எங்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஓர் ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டுங்கள்.